புதுப்பிப்பு: வளைபாதம், பிரேஸ், நடை தாமதம் – மகள் நடக்கிறாள்

ஒரு வயதாகியும் மகள் தனியாக நிற்கவில்லை என்று முன்பு இங்கே எழுதியிருந்தேன். இரண்டு பாதத்திலும் வளைபாதம் (கிளப்ஃபுட், பிறவியிலேயே பாதம் உள்பக்கம் திரும்பியிருப்பது), பொன்செட்டி முறை மாவுக்கட்டு (பாதத்தைச் சிறிது சிறிதாக நேராக்கும் கட்டு) முடிந்து இரவு பிரேஸ் (பாதம் திரும்பாமல் பிடித்து வைக்கும் காலணி) போடுகிறோம், அதை நிறுத்தலாமா என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

நிறுத்தவில்லை. நிறுத்தினால் பாதம் மறுபடி திரும்பிக்கொள்ளும் என்று எச்சரித்த அக்கா சொன்னதையே டாக்டரும் சொன்னார். நான்கு வயது வரை இரவில் தொடரும். இந்தக் குழந்தைகள் ஓரிரு மாதம் பிந்தி நடப்பது சகஜமாம்.

கைகொடுத்தது பிசியோதெரபிஸ்ட் தம்பியின் யோசனை: பகலில் வாக்கர் வேண்டாம், வெறுங்காலோடு தரையில் விட்டு, கட்டிலைப் பிடித்துப் பக்கவாட்டில் நகரவிடுங்கள். 14 மாதத்தில் தானாக நடந்துவிட்டாள்!

எதிர்பாராதது, அவள் தவழவே இல்லை, உட்கார்ந்தபடியே நகர்ந்தாள். பேச்சும் கைவேலையும் வயதுக்கேற்பவே இருக்கின்றன.