மரக்கால் முன்னால் வந்தது, ‘லாபம்’ பின்னால் வந்தது

அப்பாயி தவறிய மறு வருஷம் மன்னார்குடிப் பக்கம் இருந்த பழைய வீட்டைப் பிரித்தோம். சாமான்களைப் பங்கு போட்டதில் என் பங்குக்கு வந்தது நெல் அளக்கும் மரக்கால். மரத்தில் கடைந்தது, வாயிலும் அடியிலும் பித்தளைப் பூண். உள்பக்கம் நெல் உரசி உரசி வழுவழுவென்று இருக்கும். சென்னைக்குக் கொண்டுவந்து, ஹாலில் கவிழ்த்து வைத்து, மேலே ஒரு பூந்தொட்டியை வைத்தேன். ஆசையோடுதான் வைத்தேன்.

போன தை மாதம் அத்தை வந்திருந்தார். உள்ளே நுழைந்ததும் கண் அங்கேதான் போனது. “ஏன் தம்பி, மரக்காலைக் கவிழ்க்கலாமா?” தொட்டியை இறக்கிவிட்டு, முந்தானையால் அதைத் துடைத்து, வீட்டில் இருந்த அரிசி மூட்டையைப் பிரிக்கச் சொன்னார். உட்கார்ந்து அளக்க ஆரம்பித்தார். முதல் மரக்காலுக்கு ‘ஒண்ணு’ என்று சொல்லவில்லை. “லாபம்ம்ம்...” என்று இழுத்தார். அப்புறம்தான் “ரெண்டு.”

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. ஏழெட்டு வயதில் களத்தில் நெல் அளக்கும்போது கேட்ட அதே ராகம். முப்பது வருஷமாக நினைவே இல்லை. கடைசி மரக்கால் அரிசியைக் கொட்டவில்லை. “இது இப்படியே இருக்கட்டும், காலியா வைக்காதே” என்றார்.

கையால் தொடக்கூடிய பொருள்கள் பொருள்சார் பண்பாடு, சொல்லும் வழக்கமும் நம்பிக்கையும் பொருள்சாராப் பண்பாடு என்று கல்லூரியில் மனப்பாடம் செய்து எழுதியிருக்கிறேன். மரக்காலை மட்டும் தூக்கிக்கொண்டு வந்தவன் நான்; மீதியை அத்தை கொண்டுவந்தார். உங்கள் ஊரில் முதல் அளவைக்கு என்ன சொல்வார்கள்?

*

தஞ்சாவூரிலிருந்து: இங்கேயும் லாபம்தான். பெரிய கோயில் கல்வெட்டுகளில் நெல் கணக்கு வரும் இடங்களில் ‘ஆடவல்லான் என்னும் மரக்கால்’ என்று வரும். ஆடவல்லான் என்றால் நடராசர். ஆயிரம் வருஷத்துக்கு முன்பே அளவைக்குச் சாமி பெயர் வைத்திருக்கிறார்கள்; அதைக் கவிழ்க்க அத்தைக்கு எப்படி மனசு வரும்? 12 மரக்கால் ஒரு கலம் என்று அப்பா சொல்லிக்கொடுத்தது இன்னும் வாயில் இருக்கிறது. 1956இல் மெட்ரிக் அளவைச் சட்டம் வந்தும், எங்கள் வீட்டில் இன்றைக்கும் உலையில் போடுவது ‘அரைப்படி’தான்.

*

மதுரை: அரிசி தீர்ந்துவிட்டது என்று அம்மா சொல்லிக் கேட்டதே இல்லை. ‘அரிசி நிறைஞ்சிருக்கு’ என்பார். மூட்டை வாங்கப் போகவேண்டும் என்று அர்த்தம்.

*

நாகர்கோவில்: எங்கள் பக்கம் கல்யாணத்தில் குத்துவிளக்குப் பக்கத்தில் நிறைநாழி, அதாவது நாழி என்ற அளவைப் பாத்திரம் நிறைய நெல், வைக்கவேண்டும். தங்கை கல்யாணத்துக்கு அலங்காரக்காரர்கள் பளபளவென்று ஒரு நாழி கொண்டுவந்தார்கள். அம்மா மேலே தொட்டுப் பார்த்தார். அடியில் முழுக்கத் தெர்மாகோல். மேலே ஒரு வரிசை நெல்லைப் பசை போட்டு ஒட்டியிருந்தார்கள். பார்வைக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் உண்மையான நெல் வராமல் விளக்கேற்ற மாட்டேன் என்று அம்மா அங்கேயே உட்கார்ந்துவிட்டார். முகூர்த்தத்துக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது மாமா பைக்கில் நெல்லோடு வந்து சேர்ந்தார்.