புதுப்பிப்பு: விண்டோஸ் 11-இல் பழைய ஃபாக்ஸ்புரோ பில்லிங் ஓடுகிறது, பிரிண்ட்டும் வருகிறது

பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. டாஸ் (பழைய கம்ப்யூட்டர் இயங்குதளம்) காலத்து ஃபாக்ஸ்புரோ 2.6 என்ற டேட்டாபேஸ் மென்பொருளில் எழுதிய எங்கள் கடை பில்லிங் புது கம்ப்யூட்டரில் திறக்கவே இல்லை என்று கேட்டிருந்தேன். விண்டோஸ் 11 64-பிட் மட்டும்தான், அதில் எங்களுடையது போன்ற பழைய 16-பிட் புரோகிராம் நேரடியாக ஓடாது என்று விளக்கியிருந்தீர்கள்.

முதலில் சாதாரண டாஸ்பாக்ஸ் போட்டேன், விண்டோஸுக்குள்ளேயே பழைய டாஸ் கம்ப்யூட்டர் போல நடந்துகொள்ளும் மென்பொருள் அது. பில்லிங் புரோகிராம் திறந்தது, ஆனால் டாஸ்பாக்ஸ் விளையாட்டுகளுக்காகச் செய்தது என்பதால் பிரிண்ட் வசதி இல்லை. கடைசியில் கைகொடுத்தது அதன் இன்னொரு வடிவமான டாஸ்பாக்ஸ்-எக்ஸ், அதைச் சொன்ன நண்பருக்குத் தனி நன்றி. அமைப்புக் கோப்பில் முதல் பேரலல் போர்ட்டுக்கு (பழைய பிரிண்டர் இணைப்பு) எதிரே பிரிண்டர் என்று கொடுத்து, பிரிண்டர் பகுதியில் வெளியீட்டையும் விண்டோஸ் பிரிண்டருக்கு மாற்றியதும் யூஎஸ்பி பிரிண்டரில் பில் வந்துவிட்டது.

எதிர்பாராத விஷயம் இரண்டு. எங்கள் பில் அரைப் பக்கம்தான், புரோகிராம் பக்கம் முடிந்தது என்ற குறியை அனுப்புவதில்லை, அதனால் பில் உள்ளேயே நின்றுகொண்டது. அமைப்புக் கோப்பின் அதே பிரிண்டர் பகுதியில் டைம்அவுட்டை (காத்திருக்கும் நேரம்) 2000 மில்லிசெகண்ட் ஆக்கியதும் சரியானது. அப்புறம், திறக்கும்போதே பூஜ்யத்தால் வகுத்த பிழை வந்தது. பழைய ஃபாக்ஸ்புரோ வேகமான பிராசசரில் இப்படித் தடுமாறுமாம், டாஸ்பாக்ஸ்-எக்ஸ் ஓடும் வேகத்தைக் குறிக்கும் சைக்கிள்ஸை 20000 என்று நிலையாக வைத்தேன், பிறகு வரவில்லை.

டேட்டா ஃபோல்டரைத் தினமும் பென்டிரைவில் நகல் எடுக்கிறேன். இத்தனை வருடக் கணக்கு அதில்தான் இருக்கிறது.