தங்கூசி முனை வெளியே நின்றதா, இல்லையா?

நாலாம் லேன்
நம்முடைய எயார் துவக்குக் கிளப்பில் சுடுகிற நேரம் பாதுகாப்பைப் பார்க்கிற ரேஞ்ச் ஒபிசரைப் பற்றிப் போன கிழமை வாவிக்கரையான் எழுதியதை இப்போதுதான் வாசித்தேன். "மட்டக்களப்பில் ரேஞ்ச் ஒபிசர் என்றால் சின்ன ராசா என்று நினைப்பு, ஒரு துண்டு நூலுக்காக என்னை ஞாயிறு காலையில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்" என்று. கீழே கைதட்ட ஒரு கூட்டம். நான் அன்றைக்குப் பக்கத்து லேனில் நின்றவன், அதனால் பேசாமல் இருக்க முடியவில்லை.

நடந்தது இதுதான். ஸ்டொப் சொல்லியாயிற்று, அன்லோட் சொல்லியாயிற்று, எல்லோரும் துவக்கை மேசையில் வைத்துவிட்டுப் பின்னால் வந்தோம். நம்முடைய கிளப்பில் இரண்டாம் மூன்றாம் லேன்களில் இலக்குத் தாளை இழுக்கிற கப்பி உடைந்து கிடப்பதால் தாள் மாற்ற ஆள் 10 மீற்றர் முன்னால் நடக்க வேண்டும். நடப்பதற்கு முதல் ஒபிசர் ஒவ்வொரு துவக்காகப் பார்ப்பார். துவக்கு வெறுமை என்று காட்டக் குழலுக்குள் விடுகிற கொடி குழல் முழுக்கப் போய், வாய்ப்பக்கம் முனை தெரிய வேண்டும். வாவிக்கரையான் அண்ணருடைய துவக்கில் இருந்தது மீன் பிடிக்கிற தங்கூசி நூல். அதுவும் வெள்ளை. வாய்ப்பக்கம் ஒன்றும் தெரியவில்லை. அவ்வளவுதான் கதை.

வாவிக்கரையான்
வாங்கோ வாங்கோ, ஒபிசரின் வக்கீல் வந்துவிட்டார். தம்பி, உமக்கு அன்றைக்கு உம்முடைய தாளில் ஏழும் ஆறுமாக விழுந்துகொண்டிருந்த கவலை, என் துவக்கின் வாயை எப்போது பார்த்தீர்? முனை வெளியே நின்றது. ஒரு விரற்கடை நின்றது. நானே என் கையால் விட்டேன், பின்பக்கத்தால் விட்டு, முன்பக்கம் வருகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மேசையில் வைத்தேன். தங்கூசி என்றால் என்ன குறைச்சல்? கடையில் கொடி என்று விற்கிற செம்மஞ்சள் நைலோனும் புல்லு வெட்டுகிற மெசினுக்குப் போடுகிற நூல்தான், அதைத் துண்டு துண்டாக வெட்டி விலை போட்டு விற்கிறார்கள். நான் வாவியில் பாவிக்கிற நூலைப் போட்டேன். பதினொரு வருசமாகத் துவக்குப் பிடிக்கிறேன், இதுவரை ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை. அந்த மனுசனுக்கு விசிலும் தொப்பியும் கிடைத்து மூன்று மாதம்.

புதுமுகம்
வணக்கம். நான் போன மாதம்தான் சேர்ந்தேன். கொடி கொடி என்கிறீர்களே, அது துணியா நூலா? ரேஞ்ச் ஒபிசருக்கும் ஜூரிக்கும் என்ன வித்தியாசம்? யாராவது முதலில் இதைச் சொன்னால் எனக்கு உதவியாக இருக்கும்.

நாலாம் லேன்
ஏழும் ஆறும் விழுந்தது உண்மைதான், அதற்கும் உங்கள் நூலுக்கும் என்ன சம்பந்தம்? நான் கேட்பது ஒன்றே ஒன்று. முனை வெளியே நின்றதா? நிற்கவில்லை.

வாவிக்கரையான்
நின்றது.

ஓய்வு மாஸ்டர்
பிள்ளைகள், கொஞ்சம் பொறுங்கள். கொடி ஏன் வாய்வரை வர வேண்டும் என்று ஒருவரும் சொல்லவில்லையே. எயார் ரைபிள் பெலட் 4.5 மில்லிமீற்றர். அது குழலுக்குள் இருந்தால் வெளியில் நின்று பார்க்கிறவனுக்குத் தெரியாது. நூல் பின்பக்கத்தால் போய் முன்பக்கத்தால் வந்தால் உள்ளே பெலட் இல்லை என்று அர்த்தம். வராவிட்டால் ஒன்றில் நூல் கட்டை, அல்லது உள்ளே பெலட் நிற்கிறது. இரண்டில் எது என்று முன்னால் நடக்கிறவன் எப்படி அறிவான்? போட்டித் துவக்கில் பெலட் செக்கனுக்கு 170 மீற்றர் மட்டில் போகும். கண்ணில் பட்டால் கண் போய்விடும். சர்வதேச விதியில் எயார் துவக்குகளுக்குக் கொடி குழலின் முழு நீளத்துக்கும் இருக்க வேண்டும், செம்மஞ்சளோ அதைப் போல் பளிச்சென்ற நிறமோ வேண்டும் என்று தெளிவாக இருக்கிறது.

வாவிக்கரையான்
மாஸ்டர், உங்கள் மேல் மரியாதை இருக்கிறது, எனக்கு எட்டாம் வகுப்பில் கணக்குப் படிப்பித்தவர் நீங்கள். ஆனால் பாடம் வேறு, இது வேறு. நூல் நீளம்தான். வெளியே வந்ததுதான். நிறத்தைப் பற்றிப் பேசினால் சரி, பேசுவோம், தங்கூசி வெயிலில் மின்னும், அதைவிடப் பளிச்சென்று என்ன வேண்டும்?

சாய்ந்தமருது காக்கா
வெயிலில் மின்னுமாம். ரேஞ்ச் கூரைக்குக் கீழே எங்கே வெயில்? மின்னாது, தெரியாது என்பதற்காகத்தானே அந்த நூலில் வலை கட்டுகிறார்கள். மீனுக்கே தெரியாத நூலை ஒபிசர் பார்க்க வேண்டும் என்கிறார் இவர்.

வாவிக்கரையான்
காக்கா, நீங்கள் கல்முனைப் பக்கமிருந்து வந்து வருசத்துக்கு இரண்டு தரம் சுட்டுவிட்டுப் போகிறவர். கடைசியாக வந்தபோது எங்கள் சிலிண்டரிலிருந்து உங்கள் துவக்குக்குக் காற்று நிரப்பிக்கொண்டு போனீர்கள், அந்த அடாப்டர் இன்னும் திரும்பி வரவில்லை. முதலில் அதைக் கொண்டுவாருங்கள், பிறகு மீனைப் பற்றிக் கதைப்போம்.

சாய்ந்தமருது காக்கா
அடாப்டரை அடுத்த நாளே பஸ்ஸில் கொடுத்து அனுப்பினேன். வாங்கியவர் யார் என்று உங்கள் கிளப்பிலேயே விசாரியுங்கள். ஒரு அடாப்டரைப் பொறுப்பாக வைத்திருக்கத் தெரியாதவர்கள் எனக்குப் பாடம் எடுக்க வேண்டாம்.

படுவான்கரைப் பொடியன்
எனக்கு உங்கள் எயார் துவக்குச் சண்டையைப் பார்க்கச் சிரிப்பாக இருக்கிறது. எங்கள் அப்பாவிடம் யானைக்கும் பன்றிக்கும் என்று லைசன்ஸ் துவக்கு இருக்கிறது, வருசா வருசம் கச்சேரிக்குப் போய்ப் புதுப்பிக்கிறார். வயலில் இரவு காவலுக்கு நிற்கிறபோது நூலும் இல்லை கொடியும் இல்லை. துவக்கை மடித்து, தோட்டாவைக் கையில் எடுத்துக்கொண்டுதான் வரம்பில் நடப்பார். அவ்வளவுதான் விதி. பட்டணத்து ஆட்கள் விளையாட்டுத் துவக்குக்கு இவ்வளவு படம் காட்டுகிறீர்கள்.

ஓய்வு மாஸ்டர்
தம்பி, மடித்து வைத்தால் துவக்கு வெறுமை என்று தூரத்திலிருந்தே தெரிகிறது. உங்கள் அப்பா செய்வதும் கொடி செய்வதும் ஒரே வேலை. படம் காட்டுவது அல்ல.

படுவான்கரைப் பொடியன்
அப்பாவை ஒபிசராகப் போடுங்கள், ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள். எங்கள் பக்கம் கட்டுத்துவக்கில் கால் போனவனைப் பார்த்திருக்கிறேன். எவனோ பன்றிக்கு என்று களவாகக் கட்டிவிட்டுப் போன துவக்கு. விறகுக்குப் போன மனுசன் கம்பியில் கால் வைத்தான். அங்கே விசில் ஊத ஒருவரும் இல்லை.

வாவிக்கரையான்
கட்டுத்துவக்கை இங்கே ஏன் இழுக்கிறீர்? அது சட்டவிரோதம். நான் என்ன ரேஞ்சில் கம்பி கட்டினேனா? நான் கேட்பது, முனை வெளியே நின்ற துவக்கைக் கையில் எடுத்து எல்லோருக்கும் முன்னால் ஆட்டிக் காட்டி "இது என்ன, மீன் பிடிக்கவா வந்தாய்" என்று ஒரு மனுசன் கேட்கலாமா என்பதுதான். என்னைவிடப் பத்து வயது இளையவர். வா, போ என்று. முன்னுக்கு என் மகள் நின்றாள்.

இன்னொன்றும் சொல்கிறேன். 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் அமெரிக்காவின் மத்தியூ எமன்ஸ் கடைசிச் சூட்டைப் பக்கத்து லேனின் இலக்கில் அடித்தார். உலகமே பார்த்தது. அவரை யாராவது வீட்டுக்கு அனுப்பினார்களா? மீன் பிடிக்கவா வந்தாய் என்று கேட்டார்களா?

நாலாம் லேன்
அனுப்பவில்லை, பூச்சியம் போட்டார்கள். முதலாவதாக நின்ற மனுசன் எட்டாவதாகப் போனார். உங்களுக்கும் பூச்சியம் போட்டிருந்தால் சந்தோசமா? அதோடு அவர் செய்தது பாதுகாப்புப் பிழை அல்ல, இலக்குப் பிழை.

வாவிக்கரையான்
அப்படியென்றால் 2024 பாரிஸில் துருக்கியின் யூசுஃப் டிகெச் என்ன செய்தார்? ஒரு கையைப் பொக்கற்றில் விட்டுக்கொண்டு, சாதாரணக் கண்ணாடியோடு வந்து நின்று, பிஸ்டல் கலப்பு அணியில் வெள்ளி வாங்கிக்கொண்டு போனார். நம்முடைய ஒபிசராக இருந்தால் கையை வெளியே எடு என்று விசில் ஊதியிருப்பார்.

சாய்ந்தமருது காக்கா
பிஸ்டல்காரர்கள் அநேகமாக எல்லோருமே மற்றக் கையைப் பொக்கற்றிலோ பெல்ற்றிலோதான் வைப்பார்கள், உடம்பு ஆடாமல் இருக்க. அது ஸ்டைல் அல்ல. அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு எல்லோரும் நிபுணர்கள். அவர் காதில் அடைப்பான் வைத்திருந்ததை ஒருவரும் கவனிக்கவில்லை.

ஆரையம்பதி அக்கா
என் மகளும் சனிக்கிழமைகளில் அங்கேதான் பழகுகிறாள், அதனால் சொல்கிறேன். விதியில் இன்னொரு வரியும் இருக்கிறது. கொடி இல்லாவிட்டால் முதலில் எச்சரிக்கை கொடுத்து, கொடியைப் போடச் சொல்ல வேண்டும். சொன்ன பிறகும் மறுத்தால்தான் போட்டியிலிருந்து நீக்கலாம். ஆகவே முனை அரை விரலா ஒரு விரலா என்பதை விட்டுவிட்டு, அவருக்கு முதலில் எச்சரிக்கை கொடுக்கப்பட்டதா, அவர் மறுத்தாரா என்று கேளுங்கள். முழுக் கதையும் அதில்தான் இருக்கிறது.

நாலாம் லேன்
அக்கா, எச்சரிக்கை எல்லாம் அப்புறம். முனை வெளியே இல்லை.

வாவிக்கரையான்
அக்கா சொல்வது நல்ல கேள்வி, ஆனால் முனை வெளியே நின்ற ஆளுக்கு எதற்கு எச்சரிக்கை? அரை விரற்கடை தெளிவாக வெளியே நின்றது.

சாய்ந்தமருது காக்கா
முதலில் ஒரு விரற்கடை என்றீர்கள். இப்போது அரை. நாளைக்கு நெல்லுமணி அளவு ஆகிவிடும்.

வாவிக்கரையான்
ஒன்றோ அரையோ, வெளியே என்றால் வெளியேதான். நான் மீற்றர் கோல் கொண்டு நிற்கவில்லை.

ஆரையம்பதி அக்கா
சரி. நான் கேட்டதற்கு இன்னும் ஒருவரும் பதில் சொல்லவில்லை.

தேத்தண்ணிக் கடை
நான் அன்றைக்கு வெளியில் நின்று பார்த்தவன். ஒபிசர் முதலில் மெதுவாகத்தான் சொன்னார், "அண்ணே, நீளமான கொடி ஒன்று போடுங்கோ, இங்கே மேசையில் இருக்கிறது" என்று. அண்ணர்தான் "இதுவே போதும், நீ வா வெளியே" என்று சத்தம் போட்டார். மீன் கதை அதற்குப் பிறகுதான்.

வாவிக்கரையான்
"வெளியே வா" என்று சொன்னது தேத்தண்ணிக்கு. வெளியில் வந்து ஆறுதலாகக் கதைப்போம் என்று. உமக்குக் கேட்டது அரைகுறை. அதோடு உம்முடைய கணக்கில் எனக்கு இரண்டு பிளேன்டீ அதிகமாக எழுதியிருக்கிறது, அதையும் பார்த்துக்கொள்ளும்.

புதுமுகம்
கொடி துணியா நூலா?

படுவான்கரைப் பொடியன்
எனக்கு இன்னொரு கேள்வி. கொமாண்ட் எல்லாம் ஏன் இங்கிலீசில்? லோட், ஸ்டார்ட், ஸ்டொப், அன்லோட். தமிழில் சொன்னால் வயதான ஆட்களுக்கும் விளங்குமே.

சாய்ந்தமருது காக்கா
ஸ்டார்ட் என்பதற்குத் தமிழில் என்ன சொல்வீர், "சுடு" என்றா? மட்டக்களப்பில் ஒரு கட்டடத்துக்குள் நின்று ஒரு மனுசன் "சுடு" என்று கத்தினால் தெருவில் போகிற நாற்பது வயதுக்காரர் எல்லோரும் குப்புறப் படுப்பார்கள்.

ஓய்வு மாஸ்டர்
"தொடங்கு" என்று சொல்லலாம். ஆனால் காக்கா சொன்னதில் ஒரு விசயம் இருக்கிறது. நான் அந்தக் காலத்தில் பள்ளிக்கூடத்துக்குச் சைக்கிளில் போகும்போது, செக்பொயின்றில் இறங்கி, கையைத் தூக்கி, உருட்டிக்கொண்டு போனவன். துவக்கின் வாய்ப்பக்கம் எது என்று எங்களுக்கு ஒருவரும் படிப்பிக்கத் தேவையில்லை. இப்போது என் பேரப்பிள்ளை அதைக் கையில் எடுத்து ஒரு தாளைச் சுடுகிறான். அவன் தாள் மாற்ற முன்னால் நடக்கும்போது எனக்குப் பின்னால் நின்று வியர்க்கிறது. ஒபிசர் கத்தினால் கத்தட்டும்.

வாவிக்கரையான்
மாஸ்டர், அது வேறு காலம். அதைச் சொல்லி என் வாயை அடைக்கக் கூடாது. நானும் அதே பாதையால்தான் உருட்டிக்கொண்டு போனேன். அதனால்தான் சொல்கிறேன், ஒரு மனுசன் இன்னொரு மனுசனை விசிலால் அதட்டுகிறதை எனக்குப் பார்க்க ஒண்ணாது. அன்றைக்கு அதட்டினவர்களுக்குத் துவக்கு இருந்தது, இவருக்கு விசில். விதி இருக்கட்டும். விதியைச் சொல்கிற வாய்க்கும் ஒரு விதி வேண்டாமா?

அப்புறம் சித்திரைப் போட்டியில் என்னுடைய கடைசிச் சூடு பத்தின் கோட்டில் தொட்டுக்கொண்டு நின்றது. கோட்டைத் தொட்டால் உயர்ந்த புள்ளி என்பது குழந்தைக்கும் தெரியும். அதே மனுசன்தான் ஒன்பது என்று எழுதினார். துளையை அளக்கிற கேஜ் வைத்துப் பாருங்கள் என்றேன், கேஜ் வீட்டில் என்றார். அன்றைக்குத் தொடங்கியது இது. தங்கூசி ஒரு சாட்டு.

நாலாம் லேன்
இப்போது வெளியே வருகிறது. பத்துப் புள்ளிக் கோபத்தை நூலில் காட்டுகிறீர்கள். எயார் ரைபிளில் பத்து என்பது அரை மில்லிமீற்றர்ப் புள்ளி அண்ணே, அதைத் தொட்டது உங்கள் கண்ணுக்குத் தெரிந்தது, வெள்ளைத் தங்கூசி குழலுக்குள் நின்றது தெரியவில்லை.

வாவிக்கரையான்
குழலுக்குள் நிற்கவில்லை. வெளியே நின்றது.

நாலாம் லேன்
நிற்கவில்லை.

ஆரையம்பதி அக்கா
கப்பியைத் திருத்த எவ்வளவு முடியும் என்று கேட்டு நான் இரண்டு மாதத்துக்கு முதல் போட்ட பதிவுக்கு ஒரு பதில்கூட வரவில்லை. இதற்கு எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். கப்பி ஓடினால் ஒருவரும் முன்னால் நடக்கத் தேவையில்லை.

வாவிக்கரையான்
கப்பிக் காசை நான் எப்போதோ கொடுத்துவிட்டேன். பொருளாளரைக் கேளுங்கள். ஞாயிறு காலை அதே துவக்கு, அதே தங்கூசியோடு வருகிறேன். நாலாம் லேன், நீர் அடிமட்டம் கொண்டுவாரும். எல்லோருக்கும் முன்னால் அளப்போம்.

சாய்ந்தமருது காக்கா
வரும்போது அதே நீளத்தில் இருக்குமா, இல்லை இரவோடு இரவாக வளருமா?

வாவிக்கரையான்
அடாப்டர் எங்கே காக்கா?

நாலாம் லேன்
அடிமட்டம் நான் கொண்டுவருகிறேன். சித்திரைப் போட்டித் தாளையும் கொண்டுவாருங்கள், அதையும் பார்ப்போம். கேஜ் யாருடைய வீட்டில் இருக்கிறது?