லிங்க்க மறைச்சா வரி நடுவுல ஓட்டை விழுது, காட்டுனா படிக்கவே முடியல

தேக்கா வாசகி:
வணக்கம். ஏப்ரல் தமிழ்மொழி விழாவுக்கு எங்க குழு சிங்கப்பூர் சிராங்கூன் ரோட்டுல ஒரு மரபு நடை கூட்டிட்டுப் போறோம், அதுக்குக் குறிப்பு எழுதுற வேலை என்கிட்ட வந்திருக்கு. எல்லாத்தையும் விம்ங்கிற எடிட்டர்ல மார்க்டவுனா (சாதாரண எழுத்துலயே சின்னச் சின்னக் குறி போட்டு லிங்க், தலைப்பெல்லாம் காட்டுற முறை) எழுதுறேன். ஒவ்வொரு தகவலுக்கும் எங்க இருந்து எடுத்தேன்னு லிங்க் வைக்கணும்னு பிடிவாதமா இருக்கேன், ஏன்னா போன தடவை நடையில வந்த ஒரு பெரியவர் "இத யாரும்மா சொன்னா"ன்னு கேட்டப்ப பதில் இல்லாம நின்னேன், அது இன்னும் மனசுல கிடக்கு.

பிரச்சினை என்னன்னா, தமிழ் விக்கிப்பீடியா பக்கத்த பிரவுசர்லேருந்து காப்பி பண்ணி ஒட்டுனா சதவீதக்குறியும் எழுத்தும் எண்ணுமா ரெண்டு வரிக்கு நீண்டுருது. நான் எழுதுன வாக்கியம் அதுக்குள்ள எங்கயோ கிடக்கு. சரின்னு விம்ல எழுத்த ஒளிக்குற கன்சீல்லெவல் செட்டிங்க 2ன்னு வச்சு மறைச்சேன். லிங்க் மறைஞ்சிருச்சு, ஆனா வரி பாதியில வெட்டி நிக்குது, வலது பக்கம் பூரா வெத்து இடம், சில இடத்துல நடுவுல ஒரு முழு வரியே காலியா இருக்கு. கர்சரக் கொண்டு போனா உள்ள இருந்ததெல்லாம் வெளிய கொட்டி, நான் பாத்துட்டு இருந்த சொல் வலப்பக்கம் ஓடிருது. ஒரு பத்தியத் திருத்துறதுக்குள்ள எங்க படிச்சிட்டு இருந்தேன்னு மூணு தடவ தேடுறேன். இத சரி பண்ண வழி இருக்கா, இல்ல மறைக்குறதே தப்பா?

புளோக் 214:
அக்கா, உங்க செட்டிங்ல தப்பு இல்ல, விம்மோட கன்சீல் வேலை செய்ற விதமே அப்படித்தான். 2010ல 7.3 பதிப்புல அது வந்துச்சு. அது எழுத்த திரையில வரையுறப்ப மட்டும்தான் ஒளிச்சு வைக்குது, வரிய எங்க மடிக்கணும்னு கணக்குப் போடுறப்ப ஒளிஞ்சிருக்கிறதையும் சேத்துத்தான் எண்ணுது. அதனாலதான் மறைஞ்ச லிங்க்கோட நீளத்துக்கு வெத்து இடம் விழுது. கர்சர் இருக்குற வரி மட்டும் விரியுறதுக்குக் காரணம் கன்சீல்கர்சர்னு இன்னொரு செட்டிங், அது இயல்பா காலியா இருக்கும். அதுல நார்மல் மோடுக்கு உள்ள எழுத்தப் போட்டீங்கன்னா சும்மா மேல கீழ போறப்ப விரியாது, டைப் பண்ண ஆரம்பிச்சாத்தான் விரியும். அந்த சொல் ஓடுற தொல்லை பாதி குறையும்.

ஆனா நெஜமான நோய் லிங்க்கோட நீளம். நமக்கு இது ரொம்ப அதிகம், ஏன்னா யூடிஎஃப்-8ல (கம்ப்யூட்டர் எழுத்த சேமிக்குற முறை) ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு மூணு பைட், ஒவ்வொரு பைட்டும் முகவரியில சதவீதக்குறியோட மூணு எழுத்தா மாறுது, ஆக ஒண்ணுக்கு ஒம்போது. புள்ளி, கொம்பு, கால் எல்லாம் தனித்தனிக் குறியீடு. "சிங்கப்பூர்"ங்கிற சொல்லுல 11 குறியீடு இருக்கு, அது 99 எழுத்தா ஊதிருது, முன்னாடி இருக்குற 30 எழுத்து முகவரியும் சேந்தா 129. இங்கிலீஷ்ல எழுதுறவங்களுக்கு இந்தக் கஷ்டமே தெரியாது.

ரெண்டு காரியம் பண்ணுங்க. ஃபயர்பாக்ஸ் வச்சிருந்தா அபவுட்-கான்ஃபிக் பக்கத்துல "டிகோட் யூஆர்எல்ஸ் ஆன் காப்பி"ன்னு ஒரு ஆப்ஷன் இருக்கு, அத ஆன் பண்ணிட்டா முகவரி தமிழாவே காப்பி ஆகும், 129 எழுத்து 41 ஆயிரும். அப்புறம் லிங்க்க வாக்கியத்துக்குள்ள வைக்காதீங்க. மார்க்டவுன்ல ரெஃபரென்ஸ் லிங்க் இருக்கு, வாக்கியத்துல [தமிழ் முரசு][முரசு]ன்னு மட்டும் எழுதிட்டு, ஃபைலோட அடியில [முரசு]: போட்டு பக்கத்துல முழு முகவரிய வைக்கலாம். 2004ல ஜான் க்ரூபர் மார்க்டவுன வெளியிட்டப்பவே, குறிகளோட அப்படியே படிச்சாலும் படிக்குற மாதிரி இருக்கணும்னுதான் நெனச்சு செஞ்சாரு. மறைக்க வேண்டிய தேவையே வராது. ஒண்ணே ஒண்ணு, 1, 2, 3ன்னு எண் போடாதீங்க, பத்திய மாத்தி வச்சதும் எது எங்க போகுதுன்னு உங்களுக்கே புரியாமப் போயிரும். பேர் வைங்க.

ஈசூன் அக்கா:
நான் பல வருஷமா ஈமேக்ஸ்ங்கிற இன்னொரு எடிட்டர்ல, குறிப்பு எழுதுறதுக்கான ஆர்க் மோடுலதான் எழுதுறேன், அங்க லிங்க் மறைஞ்சேதான் இருக்கும், விஷுவல் லைன் மோடுல திரையில தெரியுறத வச்சு வரி மடியுறதால இந்த ஓட்டை விழாது. படிக்க ரொம்ப சுகம். ஆனா தங்கச்சி, மறைக்குறதுல வேற ஆபத்து இருக்கு, அத யாராவது சொல்லணும்.

லிங்க்கோட கடைசி எழுத்து தப்பாப் போச்சேன்னு அதுக்குப் பின்னாடி கர்சர வச்சு பேக்ஸ்பேஸ் அடிப்பீங்க. கண்ணுக்குத் தெரியுற எழுத்து போகாது, தெரியாம ஒளிஞ்சிருக்குற அடைப்புக்குறி போயிரும், உடனே முழு முகவரியும் கொடகொடன்னு வெளிய கொட்டும். மொத தடவ நான் பதறிப் போய் என்னென்னமோ அழிச்சுட்டேன். ஒண்ணும் பண்ண வேணாம், அந்த அடைப்புக்குறியத் திரும்பப் போட்டா பழையபடி மூடிக்கும்.

இதவிடப் பெருசு ஒண்ணு. ஒரு கோயில் மலருக்குக் கட்டுரை எழுதுனப்ப, ஒரு லிங்க்க காப்பி பண்ணி ஒட்டி மேல தெரியுற பேர மட்டும் மாத்துனேன், உள்ள இருக்குற முகவரிய மாத்த மறந்துட்டேன். திரையில பாத்தா எல்லாம் சரியா இருக்கு, நாலு பேர் மெய்ப்பு பாத்தாங்க, ஒருத்தர் கண்ணுலயும் படல. படுறதுக்கு வழியே இல்லையே. பேர் 1935ல சாரங்கபாணி தமிழ் முரசு பத்திரிகைய ஆரம்பிச்சதப் பத்தி, லிங்க் போறது வேற எங்கயோ. மலர் வெளியாகி ரெண்டு வாரம் கழிச்சு ஒரு மாணவி கேட்டாத்தான் எனக்கே தெரிஞ்சுது. அன்னையிலேருந்து எழுதுறப்ப மறைச்சு வைப்பேன், அனுப்புறதுக்கு முன்னாடி ஆர்க் மெனுவுல ஹைப்பர்லிங்க்ஸ் உள்ள லிட்டரல் லிங்க்ஸ்னு இருக்குறத அமுக்கி எல்லாத்தையும் திறந்துட்டு, ஒவ்வொண்ணா அமுக்கிப் போய்ப் பாப்பேன். 40 லிங்க் இருந்தா 40ம்.

கோப்பி ஓ:
நான் எதையும் மறைக்குறதில்ல, மங்கலாக்கிருவேன். விம்ல முகவரிக்கு நிறம் குடுக்குற மார்க்டவுன்யூஆர்எல்ங்கிற ஹைலைட்டுக்கு கமென்ட்டோட சாம்பல் நிறத்தக் குடுத்துட்டா போதும், அடிக்கோட்டையும் எடுத்துருங்க. கண்ண இழுக்குறது அந்த நீலமும் கோடும்தான். இதுல வரி எதுவும் நகராது, எழுத்து இருந்த இடத்துலயே இருக்கும்.

இன்னொண்ணு, மறைச்சிருந்தாலும் எடிட்டர் சொல்லுற சொல் கணக்குல லிங்க்கும் சேரும், தேடுனாலும் மறைஞ்ச முகவரிக்குள்ள போய் நிக்கும். தாள்ல அச்சடிக்குறப்ப இத்தன சொல்லுன்னு அளவு குடுத்திருந்தா பாத்துக்குங்க.

தேக்கா வாசகி:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. நேத்து ராத்திரி உக்காந்து முழுசா மாத்திட்டேன். லிங்க் எல்லாம் அடியில போயிருச்சு, கன்சீல்ல எடுத்துட்டேன், மேல சதுர அடைப்புக்குறி மட்டும் சாம்பல் நிறத்துல நிக்குது. கெர்பாவ் ரோட்டப் பத்தின பத்தி முன்னாடி 9 வரி எடுத்துச்சு, இப்ப 4 வரி. டான் டெங் நியாவோட வீடு 1900ல கட்டுனதுன்னு எழுதுன வாக்கியத்த மொத தடவையா ஒரே மூச்சுல படிச்சேன், படிச்சப்பத்தான் வினைச்சொல்லே இல்லாம விட்டிருக்கேன்னு தெரிஞ்சுது. ஒரு மாசமா அந்த வாக்கியம் அப்படியே இருந்திருக்கு.

ஈசூன் அக்கா, நீங்க சொன்ன மாதிரியே 31 லிங்க்கையும் திறந்து பாத்தேன். இந்திய மரபுடைமை நிலையம் 2015ல கேம்பல் லேன்ல திறந்தாங்கன்னு போட்ட லிங்க் தேக்கா மார்க்கெட் பக்கத்துக்குப் போகுது! அதுவும் காப்பி பண்ணி ஒட்டுனதுதான். இன்னும் நூலகத்தோட பழைய பத்திரிகைத் தளமான நியூஸ்பேப்பர்எஸ்ஜியிலேருந்து எடுத்த பழைய செய்தி 6 பாக்கி இருக்கு, அத சனிக்கிழமை விக்டோரியா ஸ்திரீட் நூலகத்துல உக்காந்து பக்கத்தோட வச்சே சரி பாத்துடுறேன்.