ப்ராக்ஸ்மாக்ஸ்: ரூட் லாகினை மூடினால் மைக்ரேஷன் நிற்கிறது

பாளையங்கோட்டையில் ஒரு ஆய்வகத்தின் ப்ராக்ஸ்மாக்ஸ் 8 (ஒரே சர்வரில் பல விஎம்களை, அதாவது மெய்நிகர் கணினிகளை, ஓட்டும் மென்பொருள்) கிளஸ்டரைப் பார்த்துக்கொள்கிறேன், மூன்று நோடு (சர்வர்). நோயாளிகளின் பரிசோதனை முடிவுகள் எல்லாம் இதில்தான். மாதக் கடைசியில் ஆடிட். அதன் அடித்தளமான டெபியன் 12 லினக்ஸ், சிஐஎஸ் பெஞ்ச்மார்க் என்ற பாதுகாப்பு விதிப் பட்டியல்படி இருக்கவேண்டும்.

போன சனிக்கிழமை அதன்படி எஸ்எஸ்ஹெச்சில் (தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழையும் வழி) ரூட் லாகினை, அதாவது முழு அதிகாரக் கணக்கின் நுழைவை, 'நோ' என்று மூடினேன். அன்றிலிருந்து விஎம்மை வேறு நோடுக்கு மாற்றினால் (மைக்ரேஷன்) 'பெர்மிஷன் டினைடு'. நோடுகளுக்கு இடையே ரூட் எஸ்எஸ்ஹெச் இல்லாமல் மைக்ரேஷன் நடக்காது, காரணம் புரிகிறது. மற்றபடி விஎம்கள் ஓடுகின்றன, குவோரமும் (கிளஸ்டர் இயங்கத் தேவையான நோடுகளின் பெரும்பான்மை) சரி.

'நோ'வுக்குப் பதில் 'ப்ராஹிபிட்-பாஸ்வேர்டு' (ரூட்டுக்கு பாஸ்வேர்டு கூடாது, கீ மட்டும்) வைத்தால் மைக்ரேஷன் நடக்கிறது, ஆனால் ஸ்கேனில் அந்த வரி ஃபெயில். கிளஸ்டர் கீகளைப் புதுப்பித்தும் பலனில்லை. ப்ராக்ஸ்மாக்ஸின் வெப் நிர்வாகப் பக்கம் வரும் 8006 போர்ட் ஏற்கெனவே விபிஎன்னுக்குள்தான்.

ஆடிட் முடித்த அண்ணாச்சிமார் யாராவது சொல்லுங்கள்: பொதுவாக 'நோ' வைத்து, மேட்ச் அட்ரஸ் (குறிப்பிட்ட ஐபிகளுக்கு மட்டும் தனி விதி) போட்டு நோடு ஐபிகளுக்கு மட்டும் கீ மூலம் ரூட்டை அனுமதித்தால் ஆடிட்டர் ஏற்பாரா?