பூட்டும் டேக்கும் இருக்கின்றன, ஆடிட்டில் வேறு எதைப் பார்ப்பது?

ஒத்தக்கடை சேஃப்டி:
வணக்கம். ஒத்தக்கடைப் பக்கம் ஒரு அடுக்குமாடி சைட்டில் சேஃப்டி ஆபீசராகச் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. இந்த வாரம் லாக்அவுட் டேக்அவுட் (ரிப்பேர் நேரத்தில் மெஷினின் பவரை வெட்டிப் பூட்டி, பெயர் எழுதிய டேக் மாட்டுவது) ஆடிட்டை என்னையே பண்ணச் சொல்லிவிட்டார்கள். டிஜி (டீசல் ஜெனரேட்டர்), கான்கிரீட் கலக்கும் பேட்சிங் பிளாண்ட், கம்பி வளைக்கும் மெஷின், டவர் கிரேன், அப்புறம் மாடிக்கு மாடி டிபி (கரண்ட் பிரித்துக் கொடுக்கும் பெட்டி). ரெஜிஸ்டரில் ஒரு குறை சொல்ல முடியாது, அதுதான் உறுத்துகிறது. மூன்று மாதமாக ஒரே பேனா, ஒரே கையெழுத்து, பூட்டியது 10 மணி, திறந்தது 11 மணி, ஒரு நாள்கூட மாறவில்லை. நேரில் போனால் டேக்கில் ஸ்கெட்ச் பேனாவால் எழுதிய பெயர் வெயிலில் வெளுத்துக் கிடக்கிறது. செக்லிஸ்ட்டில் பூட்டு உள்ளதா, டேக் உள்ளதா என்று இரண்டே கேள்வி. எங்கிருந்து ஆரம்பிப்பது?

மேலூர்க்காரன்:
தம்பி, ரெஜிஸ்டரை மூடி வையுங்கள். இருக்கிற பூட்டை எல்லாம் மேஜையில் கொட்டி, ஒரு சாவியை எடுத்து எல்லாவற்றிலும் போட்டுப் பாருங்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை, நான் ஆடிட் போன ஒரு சைட்டில் மொத்தமாக வாங்கிய பன்னிரண்டு சிவப்புப் பூட்டும் ஒரே சாவிக்குத் திறந்தன. அதற்குப் பூட்டே இல்லாமல் இருந்திருக்கலாம், பூட்டைப் பார்த்து நம்பித்தானே ஆள் கையை உள்ளே விடுகிறான்.

அடுத்து, வேலை நடக்கும்போது சொல்லாமல் போய் நில்லுங்கள். உள்ளே வேலை செய்கிறவனிடம் "சாவி எங்கே" என்று கேளுங்கள். பாக்கெட்டைத் தொட்டால் சரி, எலக்ட்ரீஷியன் ரூம் பக்கம் கையைக் காட்டினால் எழுதிக்கொள்ளுங்கள். ஒரு மெஷினில் நான்கு பேர் என்றால் நான்கு பூட்டு தொங்க வேண்டும், அதற்குத்தான் பல துளை உள்ள ஹாஸ்ப் (பூட்டுகள் மாட்டும் கொக்கி) இருக்கிறது. ஷிப்ட் மாறும் நேரத்தையும் விடாதீர்கள். பூட்டியவன் பஸ் ஏறிப் போய்விட்டான், இங்கே கான்கிரீட் போட வேண்டும், உடனே பூட்டை வெட்டக் கட்டரை எடுப்பார்கள். அவன் சைட்டில் இல்லை என்று யார் உறுதி செய்தது, காலையில் வந்ததும் அவனிடம் சொன்னார்களா என்று கேளுங்கள்.

விதி எண் கேட்பார்கள் என்பதால் சொல்கிறேன். இணையத்தில் எல்லோரும் காட்டும் அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு அமைப்பான ஓஷாவின் 1910.147 விதி கட்டுமானத்துக்கு எழுதியதே இல்லை, அங்கே கட்டுமான மின்சுற்றுகளுக்கு 1926.417 தனியாக இருக்கிறது. ஆனாலும் வருடம் ஒரு தடவையாவது, அந்த நடைமுறையைப் பயன்படுத்தாத வேறொரு தகுதியான ஆள் வந்து பார்க்க வேண்டும் என்று 147 சொல்வது நல்ல வழக்கம். பூட்டுகிற எலக்ட்ரீஷியனே ஆடிட் பாரத்திலும் டிக் அடித்தால் அது ஆடிட் இல்லை.

கப்பலூர் வயர்மேன்:
எல்சி (லைன் கிளியர், லைனை நிறுத்தி வேலை செய்யத் தரும் அனுமதி) வாங்கியாச்சு என்றதும் லைன் செத்துவிட்டது என்று நினைப்பவர்களைப் பார்த்தால்தான் எனக்குப் பயம். ஈபி மெயினை இறக்கியாச்சு, சரி, டிஜி? ஆட்டோவில் கிடந்தால் கரண்ட் போன சில விநாடியில் தானாக ஸ்டார்ட் ஆகும், அப்போது உங்கள் ஆள் கையில் கேபிள் இருக்கும். சேஞ்ச்ஓவர் (ஈபிக்கும் டிஜிக்கும் மாற்றும் சுவிட்ச்) பூட்டியிருக்கிறதா, டிஜி ஆட்டோவிலிருந்து எடுத்திருக்கிறதா என்று பாருங்கள். எமர்ஜென்சி ஸ்டாப்பை அழுத்தி அதில் பூட்டு மாட்டுவதை ஏற்காதீர்கள், அது கன்ட்ரோலைத்தான் வெட்டும், மோட்டாருக்குப் பவர் விடும் சுவிட்சான கான்டாக்டர் வரை பவர் நிற்கும்.

கரண்ட் இல்லை என்று எப்படிப் பார்த்தாய் என்றும் கேளுங்கள். டெஸ்டர் ஸ்க்ரூடிரைவரை நீட்டினால் தலையில் அடித்துக்கொள்ளுங்கள். மீட்டரை முதலில் ஓடுகிற லைனில் வைத்து, பிறகு பூட்டிய லைனில், மறுபடி ஓடுகிற லைனில் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் செத்தது லைனா மீட்டரா என்று தெரியாது.

பிளாண்ட் பழனி:
கரண்டைப் பற்றியே பேசுகிறீர்களே அண்ணே. மிக்சருக்குள் இறங்கி ஒட்டின கான்கிரீட்டைக் கொத்துகிறவனுக்கு மேலே ஸ்கிப் (ஜல்லி, மணலைத் தூக்கிக் கொட்டும் தொட்டி) தொங்கும். மோட்டாரைப் பூட்டிவிட்டாலும் ஸ்கிப்பின் எடை எங்கேயும் போகாது, கீழே இறக்க வேண்டும், இல்லை பின் போட வேண்டும். காற்றும் அப்படித்தான். ஒரு நாள் கம்ப்ரசரை நிறுத்திவிட்டோம் என்று காற்றில் இயங்கும் கேட் பக்கம் கை வைத்தோம், ரிசீவர் டேங்கில் மிச்சம் இருந்த காற்றில் சிலிண்டர் படக்கென்று மூடியது. எங்கள் ஹெல்ப்பரின் கையுறை மட்டும் உள்ளே போனது, விரல் தப்பியது. பிரஷர் கேஜ் சுழியில் நிற்கிறதா என்று பாருங்கள், அப்புறம் ஆளை வெளியே ஏற்றிவிட்டு ஸ்டார்ட் பட்டனை அமுக்கச் சொல்லுங்கள். அமுக்கிப் பார்க்காத பூட்டை நான் நம்ப மாட்டேன்.

டேக் தமிழில் இருக்கும், உள்ளே இறங்குகிறவர்கள் ஒடிசா, ஜார்க்கண்ட் பையன்கள். அதையும் குறித்துக்கொள்ளுங்கள் தம்பி.

ஒத்தக்கடை சேஃப்டி:
நன்றி அண்ணே எல்லோருக்கும். பூட்டைக் கொட்டிப் பார்த்தேன். பதினெட்டுப் பூட்டு, நான்கே சாவி எல்லாவற்றையும் திறந்துவிட்டது. டிஜி ஆட்டோவில்தான் இருந்தது. நாளைக்கு மிக்சர் கழுவும் நேரத்தில் சொல்லாமல் போகிறேன். போன மாதம் நான் பண்ணின டிரெய்னிங் பிபிடியில் எமர்ஜென்சி ஸ்டாப்பில் பூட்டு மாட்டிய போட்டோவைப் போட்டு 'சரியான முறை' என்று எழுதி வைத்திருக்கிறேன். இன்றைக்கு ராத்திரி முதல் வேலை அதைத் தூக்குவதுதான்.