அப்பாவின் போனுக்குப் போகும் ஓடிபி

குழு: ஏரியூர் பங்காளிகள்

கௌரி (அம்மா போன்): எல்லோருக்கும் வணக்கம். பொறியியல் கலந்தாய்வுக்குக் கல்லூரி விருப்பப் பட்டியலைப் பதிவது நாளை மாலையோடு முடிகிறது. பதிவில் இருப்பது அப்பாவின் எண். அவர் பெங்களூரில் சென்ட்ரிங் வேலையில் இருக்கிறார். சாரத்திலிருந்து இறங்கி, பட்டன் போனைப் பார்த்து ஓடிபியைப் படித்துச் சொல்வதற்குள் நேரம் தீர்ந்துவிடுகிறது. இன்று மூன்று முறை அப்படித்தான் ஆயிற்று.

ஓசூர் சித்தப்பா: பிரவுசிங் சென்டரில் கேட்டாயா?

கௌரி (அம்மா போன்): கேட்டேன், சித்தப்பா. அங்கிருந்தவர் என் கட்ஆஃபைக்கூடக் கேட்காமல், தமக்குத் தெரிந்த இரண்டு தனியார் கல்லூரிகளை முதலில் போட்டிருக்கிறார். அம்மா போனில் திரை விரிசல் விட்டிருப்பதால், கல்லூரிக் குறியீட்டில் எது 3, எது 8 என்றே தெரியவில்லை.

பெண்ணாகரம் பெரியப்பா: அம்மா கௌரி, ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிலேயே படித்தவர்களுக்கு, 2021-இல் வந்த சட்டப்படி, பொறியியலில் 7.5 விழுக்காடு தனி ஒதுக்கீடு உண்டு. அதில் சேர்ந்தால் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே செலுத்தும். ஆகவே செலவுக்குப் பயந்து பட்டியலைச் சுருக்காதே. உனக்குப் பிடித்த கல்லூரியை மேலே போடு, ஏனென்றால் மேலே இருப்பதைத்தான் முதலில் பார்ப்பார்கள்.

பாலக்கோடு அத்தை: சட்டம் இருக்கிறது அண்ணா, சிக்னல் எங்கே?

ஓசூர் சித்தப்பா: அக்கா, உன் மகளுக்கு 2014-இல் பள்ளியில் கொடுத்த மடிக்கணினி என்ன ஆயிற்று? பள்ளிகள் மூடிக் கிடந்தபோது கௌரிக்குக் கேட்டோம். பேட்டரி போய்விட்டது என்றாய்.

பாலக்கோடு அத்தை: போனது உண்மைதான். உன் மகனுக்குப் புதிது வாங்கியதும் பழையதைத் தருவதாக நீயும்தான் சொன்னாய். ஏழாம் வகுப்பு முழுக்க அவள் கல்வித் தொலைக்காட்சியில்தான் படித்தாள், அதுவும் கரண்ட் இருந்தபோது மட்டும்.

பெண்ணாகரம் பெரியப்பா: பழைய கணக்கு வேண்டாம். செட்டிக்கரை அரசு பொறியியல் கல்லூரி உதவி மையத்தில் காசில்லாமல் பதிந்து தருவார்கள். காலையில் யார் கூட்டிப் போகிறீர்கள்?

ஓசூர் சித்தப்பா: காதுகுத்துக்கு வரும்போது மடிக்கணினியைக் கொண்டு வருகிறேன். மகனுக்குப் பத்து மணி வரை வகுப்பு இருக்கிறது.

பாலக்கோடு அத்தை: முகூர்த்தம் ஒன்பதரைக்கு. அதற்குப் பிறகு வந்து யாருக்கு மொய் வைக்கப் போகிறாய்?

கௌரி (அம்மா போன்): அப்பா நாளை வேலைக்குப் போகாமல் போனைக் கையிலேயே வைத்திருக்கிறாராம். ஒரு நாள் கூலி போய்விடும்.

ஓசூர் சித்தப்பா: வேண்டாம், மேஸ்திரியிடம் நான் பேசிப் பார்க்கிறேன்.

பெண்ணாகரம் பெரியப்பா: நான் வரலாம், ஆனால் முழங்கால் எப்படி இருக்கிறது என்று காலையில்தான் தெரியும்.

கௌரி (அம்மா போன்): பெரியப்பா, இந்தப் போனில் சார்ஜ் 4 விழுக்காடுதான் இருக்கிறது, இங்கே கரண்டும் இல்லை. யார் வருகிறீர்கள் என்பதை அப்பாவுக்கே போன் செய்து சொல்லிவிடுங்கள்.